பதினான்கு நாள், பத்து நாடு

குழுவாகப் பேருந்தில் ஐரோப்பா பார்த்து வந்தவரை நம் இலக்கிய வட்டங்களில் யாரும் பயணி என்று ஏற்றுக்கொள்வதில்லை. அவர் 'டூர் போனவர்'. தோளில் ஒரு பையும் கையில் ஒரு நாவலுமாகத் தனியே ரயிலேறிப் போனவரே பயணி. பயணக் கட்டுரைகளில் தவறாமல் ஒரு காட்சி வரும். கட்டுரையாசிரியர் ஏதோ ஒரு தேவாலயத்தின் அரையிருளில் ஓர் ஓவியத்தின் முன் மெய்ம்மறந்து நின்றிருப்பார். அப்போது சிறு கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஐம்பது பேர் திமுதிமுவென்று நுழைவார்கள், படமெடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். கட்டுரையாசிரியர் பெருமூச்சு விட்டபடி மீண்டும் ஓவியத்திடம் திரும்புவார். அந்த ஐம்பது பேரில் ஒருவர் எழுதிய கட்டுரை நமக்குப் படிக்கக் கிடைப்பது அரிது.

அந்த ஐம்பது பேரின் பக்கம் நின்று சில வார்த்தைகள் சொல்ல வேண்டும் என்பது நம் எண்ணம். கூடவே, அவர்களை அப்படி நுழையவும் அப்படி வெளியேறவும் வைக்கும் ஏற்பாட்டின்மீது நமக்குள்ள மனத்தாங்கலையும் சொல்ல வேண்டும். இரண்டும் வெவ்வேறு என்பதுதான் பெரும்பாலும் மறந்துபோகிறது.

ஏளனம் புதிதன்று. தச்சரும் மதுவிலக்குப் பிரசாரகருமான தாமஸ் குக், 1841 ஜூலை 5 அன்று லெஸ்டர் நகரத்திலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு பக்கத்து ஊர் மதுவிலக்குக் கூட்டத்துக்கு ரயிலில் அழைத்துப் போனார். 1855இல் அவருடைய குழுக்கள் கடல் தாண்டின. 1863இல் ஸ்விட்ஸர்லாந்து ஏறின. இரண்டே ஆண்டுகளில், 1865இல், சார்ல்ஸ் லீவர் என்ற ஐரிஷ் நாவலாசிரியர் பேனாவைத் தீட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இத்தாலியில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்தவர் அவர். குக் மேய்த்துக்கொண்டு வரும் இந்தக் கூட்டம், காலனிகள் ஏற்க மறுத்துவிட்ட கைதிகளேயன்றி வேறில்லை, ஊருக்குச் சிலராக இறக்கிவிடத்தான் அரசு இவரை அமர்த்தியிருக்கிறது என்று அவர் பரப்பிய கேலி, நம்பக்கூடியவர்களால் நம்பவும்பட்டதாம். குக் சும்மா இருக்கவில்லை. இத்தாலியின் அழகு கனவான்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதா என்ற தொனியில் பகிரங்கமாகவே பதில் கொடுத்தார்.

லீவரின் எரிச்சல் ஓவியத்தின் பொருட்டோ தேவாலயத்தின் அமைதியின் பொருட்டோ எழுந்ததாக நமக்குத் தோன்றவில்லை. பிரபு குடும்பத்துப் பிள்ளைகள் ஆசிரியரும் வேலையாளும் சூழ ஆண்டுக்கணக்கில் செய்த பயணத்தை, இப்போது கடைக்காரரும் பள்ளி ஆசிரியையும் மூன்று வாரத்தில் செய்துவிட்டார்கள். அதுதான் உறுத்தியது. அந்தப் பிரபுப் பிள்ளைகளும் வழிகாட்டியின் பின்னால் போனவர்கள்தாம் என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

1863ஆம் ஆண்டின் அந்த முதல் ஸ்விஸ் குழுவில் ஜெமைமா மோரல் என்றொரு பெண் இருந்தார். யார்க்ஷயர்க்காரர். அவர் எழுதிய நாட்குறிப்பு நூறாண்டு கழித்து, 1963இல் நூலாக வந்தது. விடியுமுன் எழுந்து, தரை தொடும் பாவாடையோடு மலைக் கணவாய்களை நடந்தே கடந்த அந்தப் பெண்ணின் பார்வை எந்தத் தனிப் பயணியின் பார்வைக்கும் குறைந்ததன்று. குக் இல்லாவிட்டால் திருமணமாகாத ஒரு நடுத்தர வர்க்கப் பெண் அன்று ஆல்ப்ஸ் மலைக்குப் போயிருக்க வழியே இல்லை. குழு அவருக்குத் தடையாக இல்லை, வாசலாக இருந்தது.

நிதானமாகப் பார்த்தவர் என்று நாம் கொண்டாடும் பெரியவர்களும் எப்போதும் நிதானமாக இருந்துவிடவில்லை. 1786இல் இத்தாலிக்குப் புறப்பட்ட கதே, ரோமாபுரியை அடையும் தவிப்பில் ஃப்ளாரன்ஸ் நகரத்தைச் சில மணி நேரத்தில் கடந்து போய்விட்டார். நம் பேருந்துக் குழுக்களுக்கு அங்கே அரை நாளாவது கிடைக்கிறது!

போகிறவர்கள் யார் என்று பார்க்கலாம். நாம் சென்ற குழுவில் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்கள், மகன் பணம் கட்டி அனுப்பிவைத்த பெற்றோர், கணவரை இழந்து தமக்கையோடு வந்த ஒரு பெண்மணி, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பம்ப் பட்டறை உரிமையாளர் குடும்பம், தேனிலவுக்கு வந்து இத்தனை அத்தை மாமாக்களிடையே அகப்பட்டுக்கொண்ட ஓர் இளம் தம்பதி என்று நாற்பத்து மூன்று பேர். பெரும்பாலோருக்கு இது முதல் அயல்நாட்டுப் பயணம். பலருக்கு இதுவே கடைசியும்கூட. அதை அவர்களே சாதாரணமாகச் சொன்னார்கள். மூட்டு வலி, சர்க்கரை மாத்திரை, ஆங்கிலம் பேசுவதில் கூச்சம், சைவ உணவு. இவற்றோடு தனியே ரயிலேறி ஊர் ஊராகப் போய்ப் பாருங்கள் என்று ஒருவருக்கு அறிவுரை சொல்வது எளிது.

பத்து நாடுகளை ஏன் பதினான்கு நாளில் விழுங்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பேராசை என்கிறார்கள். விசா வாங்கிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். பாரிஸ் வாசி வெனிஸ் பார்க்க நினைத்தால் வெள்ளிக்கிழமை மாலை மலிவு விமானத்தில் ஏறி ஞாயிறு இரவு வீடு திரும்பலாம். பிடிக்காவிட்டால் மறுபடி போகவேண்டியதில்லை. பிடித்தால் அடுத்த மாதமும் போகலாம். நம்மவர் வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிச் சான்று, காப்பீடு, தங்குமிடச் சீட்டு எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, கைரேகை பதித்து, 2024 ஜூனிலிருந்து 90 யூரோ ஆகிவிட்ட கட்டணத்தையும் செலுத்தி, கிடைக்குமோ கிடைக்காதோ என்று வாரக்கணக்கில் காத்திருக்கிறார். கிடைப்பது பெரும்பாலும் பயண நாட்களுக்குச் சற்றே கூடுதலான அனுமதி. ஷெங்கன் வட்டத்தில் இப்போது 29 நாடுகள். ஒருமுறை திறந்த கதவு இன்னொருமுறை திறக்கும் என்ற உறுதி இல்லாதபோது, உள்ளே இருப்பதையெல்லாம் பார்த்துவிடத்தான் எவருக்கும் தோன்றும். திருவிழாச் சமயத்தில் மட்டும் திறக்கும் கோயில் வாசலில் நாம் முண்டியடிப்பதில்லையா?

பேருந்து தரும் ஒன்றை வேறு எந்த வாகனமும் தருவதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். அது நிலத்தின் தொடர்ச்சி. விமானத்தில் தாவுகிறவருக்கு வியன்னா ஒரு புள்ளி, ரோமாபுரி ஒரு புள்ளி. இன்ஸ்ப்ரூக்கிலிருந்து தெற்கே இறங்கும் பேருந்தின் சாளரத்தில் ஒரு கண்டம் மெல்ல நிறம் மாறுவதைக் காணலாம். முதலில் ஐரோப்பாப் பாலம். 1963இல் திறக்கப்பட்டது, பள்ளத்தாக்கின் அடியிலிருந்து 190 மீட்டர் உயரம். பிறகு 1,370 மீட்டரில் ப்ரென்னர் கணவாய். கதே குதிரை வண்டியில் கடந்ததும் இதே கணவாயைத்தான். ஆஸ்திரியா முடிந்து இத்தாலி தொடங்கும் இடத்தில் யாரும் நம்மை நிறுத்தவில்லை. ஆனால் வழிப்பலகைகள் உடனே இத்தாலியத்துக்கு மாறிவிடுவதில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியின் கைக்கு வந்த தென் டிரோல் பகுதி இது. ஊர்ப் பெயர்கள் இரு மொழியிலும் எழுதப்பட்டிருக்கின்றன. தேவாலயக் கோபுரங்கள் இன்னும் ஆஸ்திரியக் கூர்மையோடு இருக்கின்றன. கூரைகள் இன்னும் பனி சறுக்கி விழுவதற்கேற்ற செங்குத்துச் சரிவோடு இருக்கின்றன. அப்புறம் ஆப்பிள் தோட்டங்கள், திராட்சைப் பந்தல்கள். ஒரு மணி நேரம் சென்றதும் கூரைகள் தாழ்ந்து ஓடுகள் வெளிறத் தொடங்குகின்றன. சைப்ரஸ் மரம் ஒன்று எட்டிப் பார்க்கிறது. எல்லைக்கோடு ஓரிடத்தில் இருக்க, மொழியும் கூரையும் மரமும் வேறு வேறு இடங்களில் எல்லை போட்டுக்கொள்வதை இருக்கையில் அமர்ந்தபடி பார்த்தோம். முன்வரிசையிலிருந்த ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர், "நில அளவைக்காரன் வேற, ஆண்டவன் வேற" என்றார். அந்த வழி நெடுகப் பேருந்தில் திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதிப் பேர் திரையைப் பார்த்தார்கள், பாதிப் பேர் உறங்கினார்கள். வெளியே பாருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நம் குறையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

குழுப் பயணத்தின் ஒரு நாள் எப்படி உருவாகிறது என்பதைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதிமுறைப்படி, நான்கரை மணி நேரம் ஓட்டிய ஓட்டுநர் நாற்பத்தைந்து நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வாரத்தில் இரு நாட்கள் மட்டும் பத்து வரை போகலாம். நாள்தோறும் பதினொரு மணி நேர ஓய்வு. சில நாட்களில் ஒன்பதாகக் குறைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் டாக்கோகிராஃப் என்ற கருவி பதிந்துகொண்டே வருகிறது. காவலர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திப் பார்க்கலாம். மிக நல்ல சட்டம். ஆனால் அந்தப் பேருந்தில் ஓய்வு உறுதி செய்யப்பட்ட ஒரே மனிதர் ஓட்டுநர்தான் என்பதை நான்காம் நாள் வாக்கில் எல்லோரும் உணர்ந்திருந்தோம். எழுபது வயதுப் பயணிக்கு அப்படியொரு சட்டம் இல்லை. ஐந்தரைக்கு எழுப்பும் தொலைபேசி மணி, ஆறே காலுக்கு அறை வாசலில் பெட்டி, ஆறரைக்குச் சிற்றுண்டி, ஏழரைக்குப் பேருந்து.

ஊருக்குள் நேரம் எவ்வளவு என்பதை ஓவியமோ கோபுரமோ தீர்மானிப்பதில்லை. இரவு உணவு தீர்மானிக்கிறது. சோறும் சாம்பாரும் தேடுகிறார்கள் என்று நம் பயணிகளைக் கேலி செய்வதில் நமக்கு உடன்பாடில்லை. ஒருவர் எதைச் சாப்பிட்டால் உறக்கம் வருமோ அதைச் சாப்பிடட்டும். நம் புகார் அந்த உணவகம் இருக்கும் இடத்தைப் பற்றியும் அங்கே போகும் நேரத்தைப் பற்றியும்தான். ஜூன் மாதத்தில் பாரிஸ் நகரில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடுகிறது. மாலை ஏழிலிருந்து பத்து வரை, நதிக்கரையில் ஊரே வந்து அமர்ந்திருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில், வெயில் தணிந்து கல் கட்டடங்கள் பொன்னிறம் கொள்ளும் வேளையில், நாற்பத்து மூன்று பேரும் ஏதோ ஓர் இந்திய உணவகத்தின் நிலவறைக் கூடத்தில் பனீர் மசாலாவின் முன் அமர்ந்திருப்போம். அங்கிருந்து நெடுஞ்சாலையோர விடுதி. சாளரத்தைத் திறந்தால் வாகன நிறுத்தம், அப்பால் ஒரு பெட்ரோல் நிலையம். பதினான்கு நாட்களில் ஐரோப்பிய அந்திப் பொழுது ஒன்றைக்கூட ஒரு நகரத்துக்குள்ளே நின்று பார்க்காமல் திரும்பியவர்கள் நம்மில் அநேகர்.

பகலில் எஞ்சும் நேரத்தில் கடைகள் பங்கு கேட்கின்றன. ஓர் ஊரில் வாசனைத் திரவியக் கூடம், ஓர் ஊரில் வைரம் தீட்டும் பட்டறை, கருங்காட்டில் குயில் கடிகாரம், வெனிஸில் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் ஒரே நாடகம்தான். முதலில் ஒரு கைவினைஞர் ஐந்து நிமிடம் செய்து காட்டுவார், உருகிய கண்ணாடி உருண்டை இடுக்கியின் நான்கு இழுப்பில் முன்னங்கால் தூக்கிய குதிரையாகிவிடும், நாம் கைதட்டுவோம். உடனே பக்கத்துக் கதவு திறக்கும். அப்பால் விற்பனைக் கூடம், முக்கால் மணி நேரம். அதே நாளில் டோஜேக்களின் மாளிகையை வெளியே நின்று பார்க்கக் கிடைத்தது கால் மணி நேரம். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் இரண்டும் ஒரே அளவு எழுத்தில், ஒரே மாதிரி 'கண்டு களிக்கலாம்' என்றிருந்தன.

ப்ரஸ்ஸல்ஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான குழுக்களின் இலக்கு, சிறுநீர் கழிக்கும் சிறுவனின் சிலை. ஏறத்தாழ ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம். 1619இல் வார்த்தெடுக்கப்பட்ட அசல் சிலை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. தெரு முனையில் நிற்பது 1965இல் வைத்த நகல். அந்த அருங்காட்சியகம் இருப்பதோ குழு எப்படியும் கடந்து போகிற பெருஞ்சதுக்கத்திலேயே. 1695இல் பிரெஞ்சுப் படை பீரங்கியால் தகர்த்த அந்தச் சதுக்கத்தை, ஊர்த் தொழிற்சங்கங்கள் சில ஆண்டுகளிலேயே ஒன்றையொன்று விஞ்சும் முகப்புகளோடு எழுப்பிக்கொண்டன. நாடு கடந்து வந்த விக்தோர் ஹ்யூகோ 1852இல் அங்கே ஒரு வீட்டில் குடியிருந்தார். நமக்குக் கிடைத்த ஒரு மணி நேரத்தில் சிலைக்குப் பத்து நிமிடம், சாக்லேட் கடைக்கு முப்பது நிமிடம், தலை எண்ணுவதற்குப் பத்து நிமிடம். மீதியில் சதுக்கம்.

1969இல் 'இன்று செவ்வாய் என்றால் இது பெல்ஜியமாகத்தான் இருக்க வேண்டும்' என்ற பொருள்படும் தலைப்பில் ஹாலிவுட்டில் ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. பதினெட்டு நாளில் ஒன்பது நாடு பார்க்கும் அமெரிக்கப் பேருந்துக் குழுவின் கதை. நாம் அவர்களையும் முந்திவிட்டோம்.

நம்மை உண்மையிலேயே வருத்தியது அவசரம் மட்டுமன்று. இந்தப் பட்டியல் யாருக்காகப் போடப்பட்டது என்ற கேள்வி வருத்தியது. பேருந்தில் இருந்தவர்களுக்காக அன்று என்பது பதுவையில் விளங்கியது. வெனிஸில் அறை விலை அதிகம் என்பதால் குழுக்களை அருகிலுள்ள பதுவை நகரத்தின் விளிம்பில் தங்க வைப்பது வழக்கம். நிரலில் அது ஊர் அன்று, உறங்குமிடம். நம்மோடு வந்தவர்களில் தூத்துக்குடிப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். உவரி அந்தோணியார் கோயிலுக்கு ஆண்டு தவறாமல் போகிறவர். பதுவை அந்தோணியார் என்று தாம் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த பெயரிலுள்ள பதுவைதான் இந்த ஊர் என்பது, விடுதி வாசலில் இருந்த வரைபடத்தைப் பார்த்த பிறகே அவருக்குத் தெரிந்தது. புனிதரின் கல்லறை சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

"தம்பி, காலையில ஒரு அரை மணி நேரம் விட்டீங்கன்னா போதும். கும்பிட்டுட்டு வந்திருவேன்" என்று குழு மேலாளரிடம் கேட்டார்.

"புரோகிராம்ல இல்லீங்கம்மா. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

அந்த இளைஞரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் உழைக்கிற மனிதர். நிரலை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. காலை ஏழு மணிக்கு முன்பே திறந்துவிடும் கோயில் அது. ஏழரைக்குப் புறப்பட்டு எட்டரைக்கு வெனிஸின் பேருந்துத் துறையான த்ரொன்கெட்டோவை அடைந்தோம். படகு ஒன்பதரைக்குத்தான். ஒரு மணி நேரம் அந்த அம்மையார் மற்றவர்களோடு தளத்தில் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அதே பதுவையில்தான் ஸ்க்ரோவெக்னி சிற்றாலயம் இருக்கிறது. 1305 வாக்கில் ஜொத்தோ சுவரெங்கும் தீட்டிய கிறிஸ்துவின் வரலாறு, மேற்கத்திய ஓவியத்தில் மனித முகத்துக்குத் துயரம் வந்து சேர்ந்த இடம் என்று சொல்லப்படுவது. ஈரம் பாழாக்கிவிடும் என்பதால் ஒரு முறைக்கு இருபத்தைந்து பேரை மட்டும், கால் மணி நேரம் காத்திருக்க வைத்துக் கால் மணி நேரம் உள்ளே விடுகிறார்கள். ஒரு பேருந்துக் குழுவை இரண்டாகப் பிரித்து முன்பதிவு செய்தால் தீர்ந்தது. கண்ணாடிக் குதிரைக்குச் செலவான நேரம் தாராளமாகப் போதும்.

இதை எழுதுகையில் வேறு இரண்டு இடங்களும் நினைவுக்கு வருகின்றன. பதுவையிலிருந்து மிலான் நோக்கிப் போகும் நெடுஞ்சாலை, வெரோனா தாண்டி கார்தா ஏரியின் ஓரமாகச் செல்கிறது. அங்கிருந்து சற்றே தெற்கில் காஸ்திலியோனே என்ற சிற்றூர். 1680இல் கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி அங்கே பிறந்தார். நமக்கு அவர் தேம்பாவணி தந்த வீரமாமுனிவர், பரமார்த்த குருவையும் சீடர்களையும் தந்தவர், சதுரகராதி செய்தவர். 1859இல் பக்கத்து சோல்ஃபெரீனோ போர்க்களத்தின் காயம்பட்டவர்களை அந்த ஊர்ப் பெண்கள் எந்தப் படை என்று பாராமல் தேவாலயத்தில் கிடத்திப் பேணியதைக் கண்டுதான் ஹென்ரி துனான் மனத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் எண்ணம் முளைத்தது. தமிழ்ப் பயணிகளை ஏற்றிய பேருந்துகள் ஆண்டுதோறும் அந்தத் திருப்பத்தைக் கடந்து போய்க்கொண்டிருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஹேக் நகரத்துப் பொம்மை ஊரான மதுரோடாமுக்குப் போகும் வழியில் லெய்டன் வருகிறது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடையளித்த செப்பேடுகள் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றது அந்த ஊரால்தான். பொன்னியின் செல்வனை மூன்று முறை படித்தவர்கள் நம் குழுவிலேயே நால்வர் இருந்தார்கள். லெய்டன் பெயர்ப்பலகை கடந்து போனபோது மேலாளர் பாட்டுப் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்.

எல்லோரும் காஸ்திலியோனேயில் இறங்கியாக வேண்டும் என்று வாதிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். டிட்லிஸ் சிகரத்தில் ஷாருக் கான், கஜோல் அட்டை உருவங்களோடு படமெடுத்துக்கொள்ள நின்ற வரிசையில் நாமும் நின்றோம், மகிழ்ச்சியாகவே நின்றோம். மூவாயிரம் மீட்டர் உயரத்தில், முதன்முதலாகப் பனியைத் தொட்ட அறுபத்தெட்டு வயதுக்காரர் அதை ஒரு பிடி அள்ளிப் பக்கத்திலிருந்த மனைவியின் கழுத்தில் போட்டார். அதைவிட நல்ல காட்சியை அந்தப் பயணத்தில் நாம் காணவில்லை. நாம் சொல்வது இவ்வளவுதான்: இந்தப் பட்டியல் சினிமாவும் கடைத் தரகும் சேர்ந்து என்றோ போட்டது, எந்த ஊர்ப் பேருந்துக்கும் ஒரே பட்டியல். ஏறியிருப்பவர் யார், எதைக் கண்டால் அவருக்கு நெஞ்சு நிறையும் என்று அது கேட்டதே இல்லை. ஆறுபடை வீட்டுக்குப் போகும் பேருந்திலும் ஐம்பது பேர்தான் போகிறார்கள், விடியுமுன்தான் எழுகிறார்கள், வாசலில் தலை எண்ணத்தான் எண்ணுகிறார்கள். அங்கே யாரும் குழுவை இழிவாக நினைப்பதில்லை. ஏன் போகிறோம் என்பது ஏறுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது ஐரோப்பிய நகரங்களே பேருந்துக்குக் கதவடைக்கத் தொடங்கியிருக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் 2020இல் நகர மையத்தில் வழிகாட்டியோடு செல்லும் குழுவுக்குப் பதினைந்து பேர் என்று வரம்பு வைத்தது. 2024 ஜனவரி 1 முதல் ஏழரை டன்னுக்கு மேற்பட்ட பேருந்துகள் நகர மையத்துக்குள் நுழையக்கூடாது. வெனிஸ் 2024இல் குழுவுக்கு இருபத்தைந்து பேர் என்று வரையறுத்து ஒலிபெருக்கியையும் தடை செய்தது. அதே ஆண்டு ஏப்ரல் 25 முதல், இரவு தங்காமல் வந்து போகிறவர்களிடம் குறிப்பிட்ட நாட்களில் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது.

அவர்கள் குறையில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய வெனிஸில் 2022இல் ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. மருந்துக் கடையும் தச்சுப் பட்டறையும் போன இடத்தில் முகமூடி விற்கிறார்கள். இரண்டு மணி நேரம் வந்து போகிற நம்மால் அந்த ஊருக்கு ஆன நன்மை, கழிப்பறைக் கட்டணம் தவிர, அதிகமில்லை. ஆயினும் பேருந்தை ஊர் எல்லையில் நிறுத்தினால் யார் உள்ளே போகாமல் நின்றுவிடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு வீடுகளை நாள் வாடகைக்கு விட்டவர்களோ, அந்த வீடுகளில் வாரக்கடைசியைக் கழிக்க விமானமேறி வருகிற முப்பது வயதுக்காரரோ பேருந்துத் தடையால் பாதிக்கப்படுவதில்லை. டிராம் மாறி, படியேறி, கால் மணி நேரம் நடந்தாக வேண்டிய எழுபது வயதுக்காரர்தான் "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிடுகிறார். ஆம்ஸ்டர்டாமில் அப்படி அமர்ந்துவிட்டவர்கள் ஆறு பேர்.

நகரத்தின் குறைக்கும் பயணியின் குறைக்கும் மருந்து ஒன்றுதான் என்பது நம் துணிபு. பத்து நாட்டை நான்காகக் குறையுங்கள். ஓர் ஊரில் மூன்று இரவு தங்கட்டும். பேருந்து ஒரு நாளாவது ஓடாமல் நிற்கட்டும். ஊரில் தங்குகிறவர் அந்த ஊரில் செலவு செய்கிறார், கூட்டமில்லாத காலைப் பொழுதில் நடக்கிறார், கால் வலித்தால் அறைக்குத் திரும்புகிறார். நிறுவனங்கள் இதற்குச் சொல்லும் பதில் நமக்குத் தெரியும்: நாடுகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் மக்கள் பணம் கட்டுகிறார்கள். உண்மையாகவே இருக்கலாம். அந்த எண்ணிக்கையைத் தவிர வேறெதையும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டுப் பார்த்தவர்கள் யார் என்று நாமும் கேட்கலாம். அடுத்த கோடைக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் எத்தனை நாடு என்று விசாரிப்பதோடு நில்லாமல், எத்தனை மாலைகள் ஊருக்குள் என்றும், எத்தனை கடைகள் என்றும், ஒரு கோயிலுக்கு அரை மணி நேரம் கேட்டால் கிடைக்குமா என்றும் கையெழுத்திடும் முன் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் நிரல் அசையும்.

பீசாவில் இறங்குகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு சொல். பேருந்து நிறுத்தத்திலிருந்து கோபுரத்தின் முன் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் கைகளை நீட்டி அதைத் தாங்கிப் பிடிப்பதுபோலப் படமெடுப்பார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அந்தப் புல்வெளியின் வடக்கு ஓரத்தில் நீளமான வெண்ணிறச் சுவர் ஒன்று தெரியும். காம்போசாந்தோ என்ற பழைய இடுகாடு. உள்ளே பதினான்காம் நூற்றாண்டில் பஃபால்மாக்கோ தீட்டிய மரணத்தின் வெற்றி என்ற சுவரோவியம் இருக்கிறது. வேட்டைக்குப் போகும் சீமான்களும் சீமாட்டிகளும் வழியில் திறந்து கிடக்கும் மூன்று சவப்பெட்டிகளைக் கண்டு திகைத்து நிற்கிறார்கள். ஒரு குதிரை கழுத்தை நீட்டி மோந்து பார்க்கிறது. 1944 ஜூலை 27 அன்று குண்டு விழுந்து கூரை எரிந்து, உருகிய ஈயம் சுவரெங்கும் வழிந்தது. சிதைந்ததைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துப் பல பத்தாண்டுகள் செப்பனிட்டு, 2018இல்தான் இந்த ஓவியத்தை மீண்டும் அதன் இடத்தில் பொருத்தினார்கள். கோபுரத்தைத் தாங்கிய கைகளை இறக்கிவிட்டு நடந்தால் மூன்று நிமிடம். படியேற வேண்டிய கோபுரம்போலன்றித் தரை மட்டத்திலேயே இருப்பதால் மூட்டு வலிக்காரர்களும் பார்க்கலாம். நாம் போன அன்று உள்ளே எங்களையும் காவலரையும் தவிர நாலைந்து பேர்தான் இருந்தார்கள்.